குளிக்கச் சுடுதண்ணீர்: மலைநாட்டு வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

மலைநாட்டில் குளிக்கச் சுடுதண்ணீர் வைப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசியில் விடியற்காலைப் பனி புல்லையும் கொழுந்தையும் கருக்கிவிடும். மழையில் நனைந்தபடி கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவருக்கும், காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், மூட்டு வலியோடு இருக்கிற பாட்டிக்கும் ஒரு வாளி சூடான தண்ணீர் வேண்டும். பல வீடுகளில் சமையலுக்கு அடுத்தபடி எரிபொருளைத் தின்பது இந்த வாளிதான்.

ஆகவேதான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: ஷவர் ஹீட்டர் போடலாமா, கூரையில் சோலார் வைக்கலாமா, கேஸில் காய்ச்சலாமா, இருக்கிற விறகடுப்போடு போய்விடலாமா? கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் வைத்து இதற்குப் பதில் தேடினால் தவறான பொருள்தான் வீட்டுக்கு வரும். முடிவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று. வீடு மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கரண்ட் பில்லில் கடைசி யூனிட்டின் விலை என்ன? வீட்டில் ஏற்கெனவே தினமும் ஓர் அடுப்பு எரிகிறதா?

## எதை வைத்து அளப்பது

பொருளின் விலையை விட, ஒரு வாளிக்கு எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதுதான் முதல் அளவுகோல். கேஸ் விலையும் மின்கட்டணமும் அடிக்கடி மாறுவதால் இங்கே ரூபாயில் கணக்குப் போடவில்லை. கிலோவிலும் கிராமிலும் யூனிட்டிலும் இருக்கும் கணக்கு மாறாது. அன்றைய விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மறைந்திருக்கும் செலவு: வயர், பிரேக்கர், குழாய், கூரைக்குப் போடும் பலகை, விறகு சுமக்கும் நேரம், புகையால் வரும் இருமல். மூன்றாவது, அடைமழை மாதத்திலும் அது வேலை செய்யுமா என்பது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வீடு யாருடையது? தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பராவின் கூரையில் நீங்கள் நினைத்ததைப் பொருத்த முடியாது. 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு வழிகள் கூடுதல். கடைசியாக, காட்டுக்கும் காற்றுக்கும் என்ன செய்கிறோம் என்பது.

கணக்குக்கு ஒரு பொது அளவு வேண்டும். 20 லீற்றர் வாளி, குழாய்த் தண்ணீர் 16 பாகை, குளிக்க 40 பாகை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் 0.56 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எந்த வழியில் காய்ச்சினாலும் இது குறையாது. எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

| வழி | ஒரு வாளிக்கு | நால்வருக்கு 30 நாள் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மூன்று கல் அடுப்பு, காய்ந்த விறகு | சுமார் 1.1 கிலோ | 135 கிலோ | புகை, சுமக்கும் நேரம் |
| மூன்று கல் அடுப்பு, ஈர விறகு | 2.5 கிலோ வரை | 300 கிலோ | மேற்சொன்னது இரு மடங்குக்கு மேல் |
| அனகி (இரண்டு பானைக் களிமண்) அடுப்பு, காய்ந்த விறகு | சுமார் 0.7 கிலோ | 80–85 கிலோ | மண் பூச்சு, சில ஆண்டில் புது அடுப்பு |
| கேஸ் அடுப்பு, மூடியோடு | சுமார் 80 கிராம் | 9.6 கிலோ | ஹோஸ், ரெகுலேட்டர், தட்டுப்பாடு |
| வாளியில் போடும் கொயில் | 0.6 யூனிட் | 70 யூனிட் | ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானாக விழுவது), நல்ல பிளக் |
| 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர், 10 நிமிடம் | 0.6 யூனிட் | 70 யூனிட் | தனி வயர், பிரேக்கர் |
| கீசர் (தொட்டியுள்ள மின் ஹீட்டர்), ஷவரில் 10 நிமிடம் | ஒரு குளியலுக்கு 2 யூனிட் | 240 யூனிட் | சும்மா இருக்கும்போதும் சூடு இழப்பு |
| சோலார், வெயில் நாளில் | 0 | நாளைப் பொறுத்தது | குழாய், கூரை, மழைக்கு மாற்று வழி |

ஷவர் ஹீட்டரும் கொயிலும் ஒரே எண்ணில் நிற்பதைக் கவனியுங்கள். 3.5 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிடம் ஓடினால் 0.58 யூனிட். பிள்ளை 20 நிமிடம் நின்றால் அது இரண்டு வாளிக் கணக்கு. கீசரில் சூடான தண்ணீர் தாராளமாக வருகிறது. நிமிடத்துக்கு 7 லீற்றர் என்றாலும் 10 நிமிடத்தில் 70 லீற்றர் போய்விடும். செலவைக் கூட்டுவது பெரும்பாலும் ஷவர் தலைதான். ஷவரை விட்டு வாளிக்கு மாறினால் கீசர்ச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், அதற்கு ஒரு சதமும் போட வேண்டியதில்லை.

## விறகு

விறகு சும்மா கிடைக்கிறது என்ற பேச்சை முதலில் எடைபோட வேண்டும். தலையில் தூக்கும் ஒரு கட்டு 20 முதல் 25 கிலோ. காய்ந்த விறகும் அனகி அடுப்பும் இருந்தால் நால்வரின் மாதக் குளியலுக்கு நாலு கட்டுப் போதும். மூன்று கல்லும் ஈர விறகுமாக இருந்தால் 12 கட்டு. மீதி எட்டுக் கட்டைச் சுமப்பது பெரும்பாலும் வேலை முடித்து வருகிற பெண்கள்தான். விறகு வீட்டில் பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கைவைக்க வேண்டியது ஈரத்தில்.

ஈர விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிவிட்டுத்தான் நெருப்பு உங்கள் பானைக்கு வரும். வரும்போது கரும்புகையும் கூட வரும். மணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு கட்டை போட்டு, அதன்மேல் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே தகரம் போட்டு மூடினால் போதும். நாலு பக்கமும் பிளாஸ்டிக்கால் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். மழைப் பக்கத்தில் இரண்டு மூன்று மாதமாவது காய வேண்டும். ஆகவே வைகாசி மழைக்கான விறகை மாசியிலேயே அடுக்கிவிட வேண்டும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் இன்னும் காயவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் காய வைப்பவர்கள் தீ நாக்கு எட்டாத உயரம் விட்டு, நாளைக்கு வேண்டியதை மட்டும் வைப்பது நல்லது.

எந்த விறகு? உயரமான தோட்டங்களில் 4, 5 ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். அந்தத் தேயிலைக் கட்டை கெட்டியானது, நின்று எரியும். தடித்த கிளையை மட்டும் எடுத்து, இலையும் சிறு குச்சியும் மலையிலேயே கிடக்க விடுங்கள். மண் அரிப்பைத் தடுப்பதும் உரமாவதும் அவைதான். சவுக்கு, யூகலிப்டஸ் கிளைகள் தோட்டத்து அனுமதியோடு. பதுளை, கண்டிப் பக்கத்துத் தாழ்ந்த இடங்களில் வேலியில் சீமைக்கிளுவை நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஒதுக்குக் காட்டிலிருந்து வெட்டுவது குற்றம். அதோடு, நீரூற்றின் தலைப்பக்கக் காட்டை வெட்டினால் கோடையில் பீலியில் தண்ணீர் நின்றுவிடும்.

அனகி அடுப்பு என்பது இரண்டு பானை வைக்கும் களிமண் அடுப்பு. முன்வாயில் ஒரே நெருப்பு. மீதிச் சூடு பின்வாய்க்குப் போகும். குளியல் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது: முன்னால் சோறு வேகும் நேரத்தில் பின்னால் 6 லீற்றர்ப் பானையை மூடியோடு வையுங்கள். அது கொதிநிலைக்கு வந்தால் 14 லீற்றர் பச்சைத் தண்ணீரோடு கலந்து ஒரு முழு வாளி, 40 பாகையில். சமையலுக்கு எரிந்த அதே விறகில் ஒருவரின் குளியல் முடிந்தது. இரவுச் சமையலும் காலைச் சமையலும் விறகில் நடக்கும் வீட்டில் இதை ஒழுங்காகச் செய்தால், நாலு வாளியில் இரண்டுக்குத் தனி நெருப்பே வேண்டாம்.

வாங்கியதை அப்படியே தரையில் வைத்து எரித்தால் ஓரிரு மாதத்தில் வெடிக்கும். மட்டமான மேடையில் வைத்து, புற்று மண்ணோடு மணலும் நறுக்கிய வைக்கோலோ உமியோ சாணமோ கலந்து, நாலு விரல் தடிப்புக்குச் சுற்றிப் பூச வேண்டும். ஒரு வாரம் நிழலில் காய்ந்த பிறகு முதல் இரண்டு நாள் சிறு தீ மட்டும். பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்பு இடைவெளி இருக்கட்டும்; அதை அடைத்தால் தீ மூச்சு முட்டி முன்வாயால் புகை தள்ளும். விறகைத் திணித்து உள்ளே இடிப்பதால்தான் பெரும்பாலும் வாய் உடைகிறது. இரண்டு மூன்று துண்டு போதும், எரிய எரியத் தள்ளுங்கள்.

புகையின் செலவு எந்தப் பில்லிலும் வராது. அடைத்த காம்பராவில் தினமும் புகை சுவாசிக்கிற தாய்க்கும் குழந்தைக்கும் நெஞ்சுச் சளியும் மூச்சுத் திணறலும் வருகின்றன. புகைபோக்கி வைக்க இடமிருந்தால் 4 அங்குலத்துக்குக் குறையாத குழாயைக் கூரைக்கு மேலே இரண்டு அடி உயர்த்தி, தலையில் மழைத் தொப்பி போட்டு, மாதம் ஒருமுறை கரியைத் தட்டுங்கள். முடியாவிட்டால் அடுப்பைச் சன்னல் பக்கம் நகர்த்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். காய்ந்த யூகலிப்டஸ் பட்டை அதைவிட வேகமாகப் பற்றும்.

விறகு யாருக்கு: சமையல் ஏற்கெனவே விறகில் நடப்பவர்களுக்கு, காய வைக்க இடம் இருப்பவர்களுக்கு, மாத மின்சாரம் 60 யூனிட்டைத் தாண்டாமல் வைத்திருக்க விரும்புபவர்களுக்கு. விலை கொடுத்து விறகு வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் லாபமில்லை. விற்கிற விறகு பாதி ஈரமாகத்தான் வருகிறது, நீங்கள் தண்ணீருக்குத்தான் விலை கொடுக்கிறீர்கள்.

## கேஸ்

ஒரு 12.5 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 155 வாளி தரும். நால்வர் தினமும் கேஸில் காய்ச்சிக் குளித்தால், சமையலைச் சேர்க்காமலே மாதத்துக்கு முக்கால் சிலிண்டர். 2022இல் சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்றது; குளியலையும் கேஸையே நம்பியிருந்த வீடுகளுக்கு அது இரட்டைக் கஷ்டம்.

இருந்தாலும் கேஸில் காய்ச்சும் வீடுகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கொதிக்க விடாதீர்கள். சூடாக்குவதைவிட ஆவியாக்குவதற்குப் பல மடங்கு வெப்பம் தேவை. மூடாத பானையிலிருந்து அரை லீற்றர் ஆவியாகப் போனால் அதற்கு மட்டும் 45 கிராம் கேஸ் போயிருக்கும், ஒரு வாளியின் பாதிக்கும் மேல். அடியில் குமிழி வரத் தொடங்கியதும் இறக்குங்கள். அகன்ற அடியுள்ள பானை, இறுக்கமான மூடி, பானைக்கு வெளியே நீளாத தீ, இவ்வளவுதான். தீ மஞ்சளாக எரிந்து அடியில் கரி பிடித்தால் பர்னர்த் துளைகளை ஊசியால் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

குளிர்ந்த காலையில் முடியப்போகும் சிலிண்டரிலிருந்து தீ சோர்ந்து வருவது பியூட்டேன் குளிரில் மெதுவாக வாயுவாவதால். சிலிண்டரைச் சுடுதண்ணீரில் வைக்கவோ அடுப்புக்குக் கிட்ட நகர்த்தவோ கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் பொருத்துவதும், குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டுவதும் உயிரை வாங்கும்; வாசனையே இல்லாத கார்பன் மொனொக்சைட்டு நிமிடங்களில் மயக்கிவிடும்.

தனியாக வாழ்பவர்களுக்கும், வாரத்துக்கு மூன்று நாலு வாளி மட்டும் தேவைப்படுபவர்களுக்கும், கரண்ட் அடிக்கடி போகிற ஊருக்கு மாற்று வழியாகவும் கேஸ் பொருந்தும்.

## மின்சாரம்

இங்கே முடிவு முழுக்க உங்கள் பில்லில் இருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணப் பட்டியல், தாண்டும் வீட்டுக்கு வேறு பட்டியல். தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுகிறது. மாத நிலைக் கட்டணமும் கூடுகிறது. இப்போது 45 யூனிட் எரிக்கும் வீடு நால்வருக்கும் கொயில் போட்டுக் குளித்தால் 115க்குப் போகும். அந்த 70 யூனிட்டின் விலையைச் சராசரியால் பார்க்காமல், பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் உள்ள மொத்த வித்தியாசமாகப் பாருங்கள்.

ஏற்கெனவே 60ஐத் தாண்டிய வீட்டுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 12.5 கிலோ சிலிண்டரின் விலையை 90ஆல் வகுங்கள். உங்கள் பில்லின் மேல்படி (கடைசி) யூனிட் விலை அந்தத் தொகைக்குக் கீழே இருந்தால் மின்சாரத்தில் காய்ச்சுவது மலிவு. மேலே இருந்தால் கேஸ் மலிவு. உதாரணமாக, சிலிண்டர் 3,600 ரூபாய் என்றால் எல்லை 40 ரூபாய். விலை மாறும்போதெல்லாம் இந்த வகுத்தலைத் திரும்பச் செய்துபாருங்கள்.

கொயில் ஹீட்டர் வாங்க மலிவு, காய்ச்சுவதிலும் வீணே இல்லை. ஆனால் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும் பொருள் அது. பிளாஸ்டிக் வாளி மட்டும். கொயில் முழுகிய பிறகுதான் சுவிட்ச். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிய பிறகுதான் தண்ணீரில் கை. சூடு பார்க்க விரல் விடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங்கில் இதைப் பாவிக்காதீர்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். 13 ஆம்பியர்ப் பிளக்கை நேராகச் செருகுங்கள். நடுவில் எடப்டர் வைத்தால் அதுதான் முதலில் உருகும். கொயிலை விடப் பாதுகாப்பானது மின்கேத்தல்: 1.7 லீற்றர் கேத்தலை மூன்று நாலு தடவை கொதிக்க வைத்துக் கலந்தால் ஒரு வாளி. யூனிட் ஏறக்குறைய அதே அளவு, ஆபத்து மிகக் குறைவு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

ஷவர் ஹீட்டரில் மலைநாட்டுக்கே உரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. கொழும்பில் 28 பாகைத் தண்ணீரை 40க்கு உயர்த்த 12 பாகை போதும். இங்கே 24 முதல் 28 பாகை உயர்த்த வேண்டும். 3.5 கிலோவாட் ஹீட்டர் 24 பாகை உயர்த்தி நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் தரும். 5.5 கிலோவாட் என்றால் 3.3 லீற்றர். மெல்லிய கயிறு போல விழுகிற தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்பதைவிட, அதே ஹீட்டரால் வாளியை நிரப்பிக் குளிப்பது மேல். பின்னேரம் ஊர் முழுக்க விளக்குப் போட்டு வோல்டேஜ் 230லிருந்து 200க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி முக்கால் பங்காகிவிடும்.

வயர் செலவையும் பார்க்க வேண்டும். 3.5 கிலோவாட் 15 ஆம்பியர் இழுக்கும்: பிரேக்கர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 ஆம்பியர் பிரேக்கர். 5.5 கிலோவாட் 24 ஆம்பியர்: 6 சதுர மில்லிமீற்றர் வயர், 32 ஆம்பியர் பிரேக்கர். வீட்டுக்கு 30 ஆம்பியர் இணைப்பு என்றால் பெரிய ஹீட்டர் ஓடும்போது கேத்தலும் அயன் பொக்ஸும் போட இடமில்லை. அதைவிடச் சிறிய இணைப்புள்ள லயத்துக் காம்பராவில் பெரிய ஹீட்டர் போடவே கூடாது. எர்த் கம்பி உண்மையில் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று தகுதியான எலெக்ட்ரீஷியன் அளந்து பார்க்கட்டும்.

கீசர் வைத்திருப்பவர்கள் நாள் முழுதும் போட்டு வைப்பதை நிறுத்தினாலே போதும். யாரும் தொடாமல் இருக்கும்போதும் தொட்டி தினமும் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். குளிக்க அரை மணிக்கு முன் போட்டு, எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு நிறுத்துங்கள். முடிந்தால் காலையில். மாலை 6.30 முதல் 10.30 வரைதான் நாட்டில் மின்தேவை உச்சம். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிறைந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு நீர்மின்சாரம் மட்டும் போதாமல் எண்ணெயும் நுரைச்சோலை நிலக்கரியும் எரியும்.

## சோலார்

இதில் மலையின் பக்கம்தான் எல்லாம். கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழையும் மூடுபனியும். அதே மாதங்களில் ஊவாவின் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வீசி வானம் திறந்திருக்கும். அங்கே மழை ஐப்பசி முதல் தை வரை. ஊவாப் பக்கத்து வீட்டுக்குச் சோலார் நன்றாகக் கட்டும். மேற்குச் சரிவில் மழை மாதங்களில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

கட்டுமா என்று பார்க்கும் கணக்கு எளிது. நால்வருக்கு வாளிக் குளியல் என்றால் மாதம் மிஞ்சக்கூடிய உச்சம் 70 யூனிட். 30 நாளில் 18 நாள் நல்ல வெயில் என்றால் 42 யூனிட். அதை உங்கள் மேல்படி விலையால் பெருக்குங்கள். யூனிட் 40 ரூபாய் என்றால் 1,680 ரூபாய். பொருளின் விலை, பொருத்தும் கூலி, குழாய், தொட்டி மேடை எல்லாவற்றையும் கூட்டி அதால் வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரியும். கீழ்ப்படி விலையில் இருக்கும் சிறு வீட்டுக்கு இந்தக் கணக்கு எப்போதும் தோற்கும். ஏழெட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கும், விருந்தினர் விடுதிக்கும், ஏற்கெனவே கீசர் ஓட்டி மேல்படியில் கட்டணம் செலுத்துகிறவர்களுக்கும் வெல்லும்.

கடையில் சொல்லாத சில விடயங்கள். 100 லீற்றர்த் தொகுதி தண்ணீரோடு ஏறக்குறைய 150 கிலோ. பழைய தகரக் கூரையின் மரம் தாங்காது, தரையில் இரும்புச் சட்டம் அடிப்பதே நல்லது. பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடி, சோலார்த் தொட்டியின் உச்சியை விட மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பாது. சாதாரண பீவீசீ குழாய் சூட்டில் வளைந்து இணைப்பில் கசியும், சூடு தாங்கும் பீபீஆர் அல்லது சீபீவீசீ குழாய் போடுங்கள். கூரையிலிருந்து குளியலறைக்கு 10 மீற்றர் அரை அங்குலக் குழாய் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு லீற்றருக்கு மேல் குளிர்ந்த தண்ணீர் முதலில் வரும்; அதைக் கொட்டாமல் வாளியில் பிடியுங்கள், எப்படியும் கலக்கத்தானே போகிறீர்கள். சோலாரின் கண்ணாடிக் குழாய்கள் தண்ணீரில்லாமல் வெயிலில் காய்ந்திருக்கும்போது தண்ணீர் திறந்தால் வெடிக்கும். நிரப்புவது விடியற்காலையில் மட்டும். குரங்குத் தொல்லை உள்ள ஊரில் கண்ணாடிக் குழாய் வகைச் சோலாரை விட்டுத் தட்டைத் தகடு வகையைக் கேளுங்கள். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

மழை நாளுக்கென்று தொட்டிக்குள் பொருத்தும் மின் கொயில்தான் பெரிய பொறி. அது உங்கள் ஒரு வாளியை மட்டும் சூடாக்காது. 100 லீற்றரையும் 20 பாகை உயர்த்தி 2.3 யூனிட் எரிக்கும். அதைத் தானாக இயங்க விடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு கேத்தல் கொதிநீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரையும் பணமும் இல்லாத வீட்டுக்கு வெயிலின் சின்ன வடிவம் ஒன்று இருக்கிறது. கறுப்புப் பூசிய 20 லீற்றர்க் கேனில் தண்ணீர் நிரப்பி, காலை 9 மணி முதல் பிற்பகல் 3 வரை வெயில் விழும் சுவரோரம் தகரத்தின்மேல் படுக்க வைத்து, மேலே தெளிவான பொலித்தீன் விரியுங்கள். 16 பாகைத் தண்ணீர் 28க்கு வந்தாலே அந்த வாளிக்கான எரிபொருளில் சரிபாதி மிச்சம். 3 மணிக்கு எடுத்து உள்ளே கொண்டுவந்து சாக்கால் சுற்றி வையுங்கள். சமையல் எண்ணெய் வந்த கேனாக இருக்கட்டும். மரக்கறித் தோட்டத்து மருந்துக் கேனை எத்தனை தடவை கழுவினாலும் பாவிக்கக் கூடாது.

மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயுவைப் பற்றிக் கேட்பதுண்டு. 15 பாகைக்குக் கீழே சாணம் புளிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பதுளையில் நன்றாக ஓடும் குழி நுவரெலியாவில் தை மாதத்தில் தூங்கும். தாழ்ந்த இடமும் இரண்டு மூன்று மாடும் இருந்தால் சமையலுக்கு நல்லது, குளியலுக்கு அதை நம்ப வேண்டாம்.

## எந்த வீட்டுக்கு எது

லயத்துக் காம்பரா, விறகுச் சமையல், 60 யூனிட்டுக்குள் மின்சாரம்: அனகி அடுப்பும் காய்ந்த விறகும் கறுப்புக் கேனும். இதைவிட மலிவாக எதுவும் இல்லை. பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும் கேத்தல்.

தனி வீடு, கேஸ் சமையல், 60 முதல் 120 யூனிட்: சிலிண்டர் விலையை 90ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் கேத்தல், அல்லது வாளி நிரப்ப 3.5 கிலோவாட் ஹீட்டர். 5.5 தேவையில்லை.

ஊவாப் பக்கம், சொந்தக் கூரை, ஐந்துக்கு மேல் ஆட்கள், 120 யூனிட்டைத் தாண்டிய பில்: சோலார். மேற்குச் சரிவில் அதே குடும்பம் என்றால் முதலில் ஷவரை வாளியாக மாற்றி, கீசருக்கு நேரம் குறித்து, மூன்று மாதப் பில்லைப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

எதை வாங்கப்போனாலும் அதற்கு முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள். கொயிலோ ஹீட்டரோ போடும் முன்னும் பின்னும் மீட்டரைப் படித்து எழுதுங்கள். அந்த நேரம் குளிர்சாதனப் பெட்டியைத் தவிர வேறெதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு என்றால் குளியலுக்கு எடுத்த துண்டுகளைக் கைத்தராசில் நிறுத்து எழுதுங்கள். ஒரு வாளிக்கு 0.8 யூனிட்டுக்கு மேலோ, 1.5 கிலோ விறகுக்கு மேலோ போனால், புதுப் பொருளுக்குப் பணம் எடுக்கும் முன் மூடி, ஈரம், வாளி அளவு இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி அளந்து பாருங்கள்.